மேலே வந்த பிறகு

என் கணவர் ஈட்டித் துப்பாக்கியோடு கடலுக்குள் இறங்கிய முதல் கோடையில் நான் கரையில்தான் இருந்தேன். இங்கிலாந்தின் தென்கரை. அவருடைய அக்கா கலியாணம் முடித்துப் போன ஊரிலிருந்து காரில் கொஞ்சத் தூரம் போனால் கூழாங்கல் நிறைந்த ஒரு சின்னக் குடா வரும். அக்காவை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். மச்சாள் பிளாஸ்டிக் பெட்டி நிறையப் பொரித்த றோல்ஸ் கொண்டுவந்திருந்தார். நான் ஒன்றையும் எடுக்கவில்லை. தூரத்தில் ஒரு செம்மஞ்சள் மிதவை ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே எங்கேயோ அவர். தலை தெரிந்தால் எனக்கு மூச்சு வரும், மறைந்தால் நின்றுவிடும்.

"அவன் சின்னனிலயே தண்ணிப் பிசாசு. நீர் சாப்பிடும்," என்றார் மச்சாள்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில். அவர் மின்சார வேலை செய்கிறார், எனக்கு Kita என்கிற சிறு பிள்ளைகள் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வேலை. எங்கள் பக்கத்தில் ஈட்டியால் மீன் பிடிக்க அனுமதி இல்லை. அதனால் வருடம் முழுவதும் கோடை விடுமுறைக்காகக் காத்திருப்பார். அவர் தேடிப் போகிற மீனை ஜெர்மன்காரர் ஓநாய் மீன் என்று பொருள்படும் பெயரால் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்குக் கொடுவா என்றே பெயர். உண்மையில் நம் கொடுவா வேறு, இது வேறு. ஆனால் தோற்றத்திலும் ருசியிலும் இரண்டும் கிட்ட வரும்.

காற்றுச் சிலிண்டர் எதுவும் கிடையாது. ஒரே மூச்சு. அதை நெஞ்சில் அடக்கிக்கொண்டு கீழே போய், ஆளுயரத்துக்கு வளர்ந்த கடற்பாசிக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். கொடுவாவுக்குப் புதினம் பார்க்கிற குணம். இதென்ன கிடக்கிறது என்று பார்க்கத் தானாகவே கிட்ட வரும். சட்டம் சொல்லும் அளவு காணாத சின்ன மீனை அங்கே பிடிக்கக் கூடாது. குத்திய மீனைத் திருப்பி விடவும் முடியாதே. அதனால் அந்த ஒரே மூச்சுக்குள் மீனின் நீளத்தையும் கண்ணால் அளந்து முடிவெடுக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லும்போது அவருடைய முகம் மலரும். எனக்கோ பயம்தான் கூடும்.

கரையில் இருந்து பார்ப்பது இனி என்னால் ஏலாது என்று அன்றே தெரிந்துவிட்டது. அவரைப் போகவேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. கெல்சென்கிர்ச்சனுக்குத் திரும்பியதும், மூச்சடக்கி நீந்தப் பழக்குகிற ஒரு வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு அதில் ஆசை ஒன்றும் இல்லை. பயத்தைத் தண்ணீருக்குள் கொண்டுபோனால் அவருக்குப் பக்கத்திலாவது இருக்கலாம் என்று நினைத்தேன்.

வகுப்பு வீட்டுக்குக் கிட்ட உள்ள உள்நீச்சல் குளத்தில் நடந்தது. பயிற்சியாளர் ஒரு ஜெர்மன் பெண். உரத்த குரல், கட்டையாக வெட்டிய நரை முடி. முதல் நாளே அவர் சொன்னது என் தலைக்குள் ஆணி அடித்தது போல நின்றது.

"எல்லோரும் கீழே இருக்கிற ஆளைத்தான் பார்ப்பார்கள். ஆள் மேலே வந்ததும் அப்பாடா என்று திரும்பிவிடுவார்கள். அப்படித்தான் சாவு வரும். மேலே வந்த பிறகுதான் பெரும்பாலும் மயக்கம் வரும். முதல் சில மூச்சுகள் முடியும்வரை முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதே."

மயங்கியவரைப் பிடிக்கும் விதத்தை மாறி மாறிப் பழகினோம். முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கு. கண்ணாடியைக் கழற்று. கன்னத்தில் தட்டு. கண்ணுக்குக் கீழே ஊது. பெயர் சொல்லிக் கூப்பிடு, மூச்சு எடு என்று கத்து. குளிர்காலம் முழுவதும் முன்பின் தெரியாத ஜெர்மன்காரரின் கன்னத்தில் ஊதிக்கொண்டிருந்தேன். வீட்டில் அவர் என்னைப் பகிடி பண்ணுவார். பிறகு அவரும் அதே வகுப்புக்கு வந்தார். என்னைவிட எவ்வளவோ நேரம் அவரால் மூச்சடக்க முடிந்தது.

அடுத்த கோடையில் நாங்கள் இரண்டு பேருமாக இறங்கினோம். காலைநேரம். கடல் வற்றி முடிந்து, திரும்பப் பெருகுமுன் கொஞ்சம் அசையாமல் நிற்கும் பொழுது. தண்ணீர் பச்சையாகக் கலங்கியிருந்தது. அவர் தலைகீழாகக் கவிழ்ந்து இரண்டு உதை உதைத்ததும் காலில் பூட்டியிருந்த நீண்ட செட்டைகள் மங்கி மறைந்துவிட்டன. துப்பாக்கியிலிருந்து மிதவைக்குப் போகிற கயிறு என் கையில். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குழாயால் மூச்சு விட்டுக்கொண்டு, அந்தக் கயிறு போய் மறைகிற இடத்தையே பார்த்துக்கொண்டு மிதந்தேன்.

நாலைந்து தரம் போய் வந்தார். ஒவ்வொரு முறையும் மேலே வந்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வளையமாக்கிக் காட்டுவார். சுகம் என்று அர்த்தம்.

பிறகு ஒரு முறை கீழே போனபோது கயிறு திடீரென்று என் கையைச் சுண்டி இழுத்தது. மீன் பட்டுவிட்டது. கயிறு அங்குமிங்கும் ஓடியது. பிறகு இறுகி ஒரே இடத்தில் நின்றது. மீன் பாறைக்கு அடியில் புகுந்துவிட்டது, அவர் அதை இழுத்து எடுக்கப் பார்க்கிறார் என்று விளங்கியது. விட்டுவிட்டு வாங்கோ, பேந்து எடுக்கலாம் என்று நான் குழாய்க்குள்ளே கத்தினேன். அது எனக்கே கேட்கவில்லை. அவர் போனதிலிருந்து மனதில் எண்ணிக்கொண்டு வந்த விநாடிகள் குழம்பிப்போயின. நான் இறங்கலாமா என்று நினைத்த நேரம், கீழே பச்சைக்குள் அவருடைய முகம் வெளிறிய ஒரு பொட்டாகத் தெரிந்தது. மெல்ல மெல்ல வந்தார். செட்டைகள் சோம்பலாக அடித்தன.

எனக்கு ஒரு முழத் தூரத்தில் தலையை வெளியே நீட்டினார். என்னைப் பார்த்தார். விரல்களை வளையமாக்கிக் காட்டினார்.

அந்த வளையம் கலையாமலே கை கீழே போனது. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் திறந்தபடி இருந்தன. ஆனால் அவை என்னைப் பார்க்கவில்லை. சத்தமில்லாமல், யாரோ காலைப் பிடித்து இழுப்பது போல, அவர் தண்ணீருக்குள் போனார்.

எப்படிப் பிடித்தேன் என்று கோர்வையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கை அவருடைய கமக்கட்டுக்குள் இருந்தது. கீழே அமிழ்வதற்காக இடுப்பில் கட்டியிருந்த ஈயப் பட்டியின் கொளுக்கியை இழுத்தேன், அது கழன்று விழுந்தது. கண்ணாடியைப் பிடுங்கினேன். உதடு நாவற்பழம் தின்ற பிள்ளையின் உதடு மாதிரி இருந்தது. ஊதினேன். கன்னத்தில் தட்டினேன். பழகின பழக்கத்தில், மூச்சு எடு என்று ஜெர்மனிலேயே கத்தினேன்: "ஆத்மே! ஆத்மே!" ஒன்றும் இல்லை. ஒரு சின்ன அலை எங்கள் இருவரின் வாய்க்கும் மேலாகப் போனது. பிறகு எந்தப் பாஷையில் கத்தினேன் என்று தெரியாது. "இஞ்சருங்கோ, மூச்சு எடுங்கோ! மூச்சு எடுங்கப்பா!" என்று அழுதுகொண்டு கூப்பிட்டது மச்சாளுக்குக் கரையில் கேட்டிருக்கிறது.

குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவருடைய நெஞ்சு என் கைக்குள் துள்ளியது.

மிதவையில் அவரைச் சாய்த்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மச்சாள் சப்பாத்தும் சட்டையுமாகவே இடுப்பளவு தண்ணீருக்குள் வந்து நின்றார். கல்லின் மேல் அவரைப் படுக்கவைத்தோம். மச்சாள் அவசர உதவிக்குத் தொலைபேசி அடித்துச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல், மிதவையிலிருந்த கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். ஏன் இழுத்தார் என்று அவருக்கே தெரியாது. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்திருக்க வேண்டும். கடைசியில் துப்பாக்கி வந்தது. அதற்குப் பின்னால் மீனும் வந்தது. வெள்ளித் தகடு போன்ற பெரிய கொடுவா, இன்னும் சாகவில்லை. என் கணவருக்குப் பக்கத்தில் கல்லின் மேல் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

ஆசுபத்திரியில் பின்னேரம்வரை வைத்திருந்து, நுரையீரலுக்குள் தண்ணீர் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த மீனுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. மச்சாளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு மோசமான காலம் தொடங்கியது. அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. பாறைக்கு அடியில் மீனைப் பிடித்து இழுத்தது தெரியும். மேலே வெளிச்சம் தெரிந்தது தெரியும். அதற்குப் பிறகு மிதவையில் சாய்ந்திருந்ததுதான் தெரியும். இடையில் நடந்தது அவருடைய வாழ்க்கையில் நடக்கவே இல்லை. அதனால் அவருக்குப் பயமும் இல்லை.

இலையுதிர் காலத்தில் டுசல்டோர்ஃபில் ஒரு பிறந்தநாளுக்குப் போனோம். அவர் ஆட்களைச் சுற்றி வைத்துக்கொண்டு கதை சொன்னார். "கொடுவா என்னை விடேல்லை, நானும் அதை விடேல்லை. கடைசியில என்ர மனுசிதான் வந்து எங்கள் ரெண்டு பேரையும் பிரிச்சு விட்டவ!" எல்லோரும் சிரித்தார்கள். நான் குசினிக்குள் போய்த் தண்ணீர் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "அதில என்ன பகிடி?"

"தலை கொஞ்சம் சுத்தினது, அவ்வளவுதானே."

"நீங்கள் மூச்சு விடேல்லை."

"உமக்குப் பயம். பயத்தில எல்லாம் பெரிசாத் தெரிஞ்சிருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சோஃபாவில் படுத்திருந்தார். நெஞ்சு அசையவில்லை என்று எனக்குத் தோன்றியது. யோசிக்காமல் குனிந்து கண்ணுக்குக் கீழே ஊதினேன். திடுக்கிட்டு எழும்பினார்.

"என்னப்பா, விசரா உமக்கு?"

விசர்தானோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. நான் கண்டதற்கு வேறு சாட்சி இல்லை. மச்சாள் கரையில் நின்றவர், அவர் கேட்டது என் சத்தத்தை மட்டும்தான். சில நாட்களில், அந்தக் கண்களை நான் கற்பனை செய்துகொண்டேனோ என்று எனக்குள்ளேயே கேட்டிருக்கிறேன்.

குளிர்கால வகுப்பு திரும்பத் தொடங்கியது. பயிற்சியாளர் சில நாள் எங்களைக் கைபேசியில் படம் பிடிப்பார், நாங்கள் நீந்தும் விதத்தைப் பிறகு காட்டித் திருத்த. அன்று குளத்தின் ஓரத்தில் முகம் குப்புற மிதந்து மூச்சடக்கும் பயிற்சி. என் கணவர் தன் பழைய நேரத்தை முந்தப் பார்த்தார். பயிற்சியாளர் தோளைத் தட்டித் தலையைத் தூக்கச் சொன்னார். தூக்கினார். உடனே அவருடைய தலை இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. கைகள் துள்ளின. வாய் ஏதோ முணுமுணுத்தது. பயிற்சியாளர் தாடையைப் பிடித்து முகத்தை மேலே வைத்துக்கொண்டு "மூச்சு, மூச்சு" என்றார். ஒரு கணம்தான். பிறகு என் கணவர் தெளிந்து சிரித்தார். "நல்லாத்தானே செய்தனான்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. அன்று பயிற்சியாளரின் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த மாணவி அதை என் கணவரிடம் நீட்டினாள்.

துவாயைப் போர்த்துக்கொண்டு குளத்தோர வாங்கில் உட்கார்ந்து பார்த்தார். திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். திறந்த கண், நீல உதடு, யாருக்கும் சொந்தமில்லாதது போல ஆடுகிற அந்தத் தலை. நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"அண்டைக்கும் இப்பிடியே?" என்று கேட்டார்.

"இது ஒண்டுமில்லை. அண்டைக்கு நீங்கள் ஆடக்கூட இல்லை."

அவர் என் கையைப் பிடித்தார். பிடி வலித்தது. பார்த்தது என் கற்பனை இல்லை என்று தெரிந்ததில் எனக்கு ஆறுதல் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அதுவரை எங்களில் ஒருவராவது பயமில்லாமல் இருந்தார், இப்போது வீட்டில் இரண்டு பேருக்கும் பயம். அவர் பல கிழமைகள் குளத்துக்கு வரவில்லை. குளிக்கும்போது முகத்தில் தண்ணீர் விழாமல் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நின்றார். டுசல்டோர்ஃப் நண்பர்கள் கொடுவாக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டபோது, "அது கதை இல்லை, மனுசி இல்லையெண்டால் நான் இல்லை," என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அதோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அடுத்த கோடையில் அவர் கேட்டது வேறு. "ஆழத்துக்குப் போகமாட்டன். ஆனா இந்தப் பயத்தோட அந்தக் கடலை அப்பிடியே விட்டிட்டு வர எனக்கு ஏலாது. நீர் வருவீரோ?"

"ஓம்" என்றேன். என் பயத்தைக் கேட்டிருந்தால் இல்லை என்றிருக்கும்.

நாங்கள் திரும்பக் கடலுக்குள் இறங்க வந்திருக்கிறோம் என்று கேட்டதும் மச்சாள் எங்களோடு ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் கடற்கரைக்கு வந்தார். கொடுவா ஆழத்தில் மட்டும் இல்லை, அலை உடைந்து நுரைக்கிற பாறைகளுக்கிடையிலும் இரை தேடி வரும். கால் எட்டுகிற அந்தத் தண்ணீரில்தான் இறங்கினோம். அவர் முகத்தை நனைக்கவே நெடுநேரம் எடுத்தார். ஒரு மீன் வந்தது. அளவு காணுமோ காணாதோ என்று ஐமிச்சம், சுடவில்லை.

இப்போது எங்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. விரல் சைகையை நான் நம்புவதில்லை. மேலே வந்ததும் வாய் திறந்து தமிழில் ஒரு வசனம் சொல்லவேண்டும், என்ன வசனம் என்றாலும் சரி. "குளிருது" என்பார். "கால் விறைக்குது" என்பார். ஒரு நாள், "அக்கா இண்டைக்கு என்ன சமைச்சிருப்பா?" என்றார். அதைக் கேட்கும்வரை என் கை அவருடைய ஈயப் பட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

போன கோடையில் ஒரு முறை மேலே வந்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் பட்டியைக் கழற்றி விழுத்திவிட்டு அவருடைய முகத்தைத் தூக்கிப் பிடித்து ஊதத் தொடங்கிவிட்டேன். அவர் இருமினார். உப்புத் தண்ணீர் தொண்டையில் இறங்கியதால் பேச்சு வரவில்லையாம்.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை," என்றார் இருமலுக்கிடையில். "விடும், நான் நிக்கிறன்."

உண்மையிலேயே அவருடைய கால் நிலத்தில்தான் நின்றது. எனக்குத்தான் கையை எடுக்க முடியவில்லை. அப்படியே பிடித்தபடி இரண்டு பேரும் கரையேறினோம். அன்றைக்கு அதற்குமேல் இறங்கவில்லை.