பிரேக்கம்மாவும் மூச்சு வாங்கும் வண்டியும்

பெற்றவள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் தபால்காரர்கூட உதட்டைப் பிதுக்குவார். பிரேக்கம்மா என்று கேட்டால் மூன்று தெரு தள்ளியிருந்தே வழி காட்டுவார்கள்.

கணவர் நடத்திய கார் பயிற்சிப் பள்ளியில் அவள்தான் ஆசிரியை. பள்ளி என்றால் தையல்கடைக்கு மேலே ஓர் அறை. சாலைக் குறிகள் அச்சடித்த படம் ஒன்று, இரண்டு நாற்காலிகள், கழுத்து ஒடிந்த மேசை விசிறி. மற்றபடி பள்ளி முழுவதும் காருக்குள்தான் இருந்தது. கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் அவள். அவள் காலடியில் இன்னொரு பிரேக். மாணவர் மரத்தையோ மனிதரையோ நோக்கிப் போனால் அவளுடைய வலது கால் அதை அழுத்தும்.

அந்தக் கால் தூக்கத்திலும் அழுத்தும். கட்டிலின் கால்மாட்டுப் பலகை குழிந்து குழிந்து, வருடத்துக்கு ஒரு பலகை மாற்ற வேண்டியிருந்தது. பஸ்ஸில் போனால் முன்சீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். தச்சரைக் கேளுங்கள், நான் சொல்வதில் பாதியையாவது ஒப்புக்கொள்வார்.

வீட்டில் அடுப்படி மாமியார் கையில் இருந்தது. மாமியார் போன பிறகு சாவிக்கொத்து கணவர் இடுப்புக்குப் போனது. அவளுக்கென்று இருந்தது அந்த ஒரே இருக்கை. அதில் உட்கார்ந்தால் வக்கீலும் டாக்டரும் அவள் சொன்ன பக்கம் திரும்புவார்கள். தவறினால் முழங்காலில் மர ஸ்கேலால் ஒரு தட்டு விழும். தட்டைவிட வாய்தான் வலிக்கும்.

“உங்க வீட்டுக்கு வாசல் இருக்கா சார்? இல்ல தினமும் சுவத்த இடிச்சுக்கிட்டுத்தான் வெளிய வர்றீங்களா?” என்று ஒரு வங்கிக் காசாளரைக் கேட்டாள். அந்த மனிதர் பிறகு ஆயுள் முழுக்க நடந்தே போனார்.

பழைய வண்டி கழுதை மாதிரி உழைத்தது. எவ்வளவு மோசமாக மிதித்தாலும் முனகிக்கொண்டு கிளம்பும். அதை விற்றுவிட்டுக் கணவர் புதிதாக ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கி வந்தார். என்ஜினைத் திறந்து காட்டினார்கள். மூன்றே சிலிண்டர், கையில் தூக்கிவிடலாம் போல இருந்தது. அதன் மேல் காற்றை அழுத்தி ஊதும் டர்போ ஒன்று. பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடும் என்று விற்றவன் சத்தியம் செய்தான்.

முதல் நாளே நாற்சந்தியில் அதன் குணம் தெரிந்தது. மிதித்தால் ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்காது. செவிட்டு மாமனாரிடம் பேசியதுபோல் வண்டி சும்மா நிற்கும். சரி, காதில் விழவில்லை என்று காலை எடுக்கப் போனால் குபீரென்று பாயும், அல்லது அணைந்து போகும். பின்னால் நின்ற லாரிக்காரன் அவளுடைய முன்னோர்களை ஒவ்வொருவராக விசாரித்தான்.

கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவன் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான்.

“வண்டில குறை எதுவும் இல்லம்மா. இந்த என்ஜின் அப்படித்தான். ஓட்டப் பழகணும்.”

“யாரு பழகணும்?”

“நீங்கதான். யார்கிட்டயாவது ரெண்டு கிளாஸ் போயிட்டு வாங்க.”

காருக்கு மேலே பலகையில் பயிற்சிப் பள்ளி என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவளுடைய போட்டோவும் இருந்தது. அவன் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் வாய் இன்னும் ஒரு படி கூர்மையானது. அடிபட்டது ஓரிடம், அலறியது மாணவர்கள்.

ஆனாலும் அவள் லேசுப்பட்டவள் இல்லை. அந்த மூச்சை அளந்துவிட்டாள். கிளட்சை அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்து வைக்க வேண்டும். உடனே கிளட்சை விட்டால் அணையும், தாமதித்து விட்டால் பாயும். நடுவே சரியாக ஒரு பெயரைச் சொல்லும் நேரம் வேண்டும். எண்ணச் சொன்னால் மாணவர்கள் பயத்தில் எண்களை விழுங்கினார்கள். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

“உனக்கு யாரப் பிடிக்காதோ அவங்க பேரச் சொல்லு. ஆசையா, முழுசா சொல்லு. கடைசி எழுத்துல கிளட்ச விடு.”

“பேரு ரொம்பக் குட்டை மேடம்.”

“முன்னால ஒரு வசவு சேர்த்துக்க. உனக்கா சொல்லித் தரணும்?”

மந்திரம் போல வேலை செய்தது. அவளிடம் கற்றவர்கள் அதே வண்டியைத்தான் வாங்கினார்கள். வேறு வண்டி அவர்கள் காலுக்கு ஒத்துவரவில்லை. கொஞ்ச காலத்தில் பெரிய நாற்சந்தியில் பச்சை விழுந்தால், முதலில் உதடுகள் அசையும், பிறகுதான் கார்கள் அசையும். மாமியார், மேலாளர், பங்காளி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஊரின் பகையெல்லாம் அங்கே ஒரே நேரத்தில் முணுமுணுக்கப்படும். புதிதாக மாற்றலாகி வந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர், இவ்வளவு பக்தியுள்ள ஊரா என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் ஓரகத்தி வந்து சேர்ந்தாள். கணவருடைய தம்பி மனைவி. தம்பிக்குக் கப்பலில் வேலை. அவள் வேலை பார்த்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். பெட்டியோடு வந்தவள், மாடியின் பின்னறையில் தங்கினாள். அதிர்ந்து பேசமாட்டாள். டம்ளரை வைத்தால் சத்தம் கேட்காது. அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே பிரேக்கம்மாவுக்குப் பாதம் அரிக்கும்.

சாப்பிடும்போது கணவர் சொன்னார். “இவளும் ஓட்டக் கத்துக்கட்டும். லைசென்ஸ் வந்ததும் கொஞ்ச நாள் பழகிட்டு, நம்மகிட்டயே சொல்லிக் கொடுக்கலாம். நீயும் எத்தனை காலம்தான் வெயில்ல அலைவ?”

“நான் அலையறேன்னு யாரு சொன்னா? நான் உக்காந்துட்டுத்தானே இருக்கேன்?”

“அதான் சொல்றேன். இனி வீட்ல உக்காரு.”

ஓரகத்தி தலையைத் தூக்காமல் சொன்னாள். “அக்கா இருக்கறப்ப நான் எதுக்கு மாமா? அக்காவுக்கு முடியாம போனா பார்த்துக்கலாம்.”

முடியாமல் போனால். அந்தச் சொல் பிரேக்கம்மாவின் தொண்டையில் மீன்முள் போல நின்றது.

பயிற்சி தொடங்கியது. மற்றவர்களுக்கு ஒரு தட்டு என்றால் ஓரகத்திக்கு நாலு. அவளுடைய முழங்காலில் ஸ்கேலின் கோடுகளை எண்ணிப் படிக்கலாம் போலச் சிவந்திருந்தது. “டைப் அடிச்ச கை, அதான் எல்லாத்தையும் தட்டித் தட்டிப் பார்க்குது” என்பாள். “உன் புருஷன் கப்பல்ல ஏறினது ஏன்னு இப்பதான் புரியுது” என்பாள். ஓரகத்தி ‘சரி அக்கா’ என்பாள். மிதிப்பாள், உதடு அசையும், கிளட்சை விடுவாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வண்டி நகரும். அத்தனை மாணவர்களில் யாருக்கும் அது அப்படி நகர்ந்ததில்லை.

“யாரு பேரச் சொல்ற?” என்று ஒருநாள் கேட்டாள்.

“நீங்கதானே அக்கா மனசுக்குள்ள சொல்லிக்கச் சொன்னீங்க?”

அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

ஓரகத்தியின் லைசென்ஸ் தேர்வுக்கு முந்தின நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அந்த என்ஜின் வைத்த வண்டிகளையெல்லாம் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே எண்ணெயில் நனைந்தபடி ஓடும் ரப்பர் பெல்ட் துகள் துகளாக உதிர்கிறதாம். பாதி வழியில் என்ஜின் நின்றுவிடுமாம். பிரேக்கம்மாதான் வண்டியைக் கொண்டுபோனாள். சாயங்காலம் அதே இஸ்திரிச் சட்டைக்காரன் சாவியைக் கொடுத்தான். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

“பெல்ட் மாத்திட்டோம்மா. கம்ப்யூட்டர்ல புது புரோகிராமும் ஏத்தியிருக்கு. முந்தி மாதிரி தயங்காது. தொட்டாலே சீறும். பழைய பழக்கத்துல மிதிச்சுடாதீங்க. வீட்ல ஓட்டறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க.”

“அப்ப குறை வண்டிலதான் இருந்துச்சு.”

அவன் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

திரும்பும் வழியில் அவள் கால் நுனியால் தொட்டாள். வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது. அவளுக்கு ஒரு சந்தோஷம் வரவேண்டும், வந்தது. ஆனால் அது என்ஜினைப் பற்றியது அல்ல.

வீட்டில் ஓரகத்தி கேட்டாள். “வண்டி எப்படி அக்கா இருக்கு?”

“எப்பவும் போலத்தான். நீ நல்லா மிதிச்சுக் கிளம்பு. ஆய்வாளருக்குத் துணிச்சலா ஓட்டினாத்தான் பிடிக்கும்.”

யாரையும் கொல்ல அவள் நினைக்கவில்லை. தேர்வு மைதானத்தில் இருந்தவை ரப்பர் கூம்புகள்தாம். வண்டி எகிறும், நாலு கூம்பு பறக்கும், ஓரகத்திக்கு முகம் செத்துப் போகும், இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள். அவ்வளவுதான் கணக்கு. அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அடங்கவில்லை. மற்ற பயிற்சியாளர்கள் ஓரமாக வேலிக்குப் பின்னால் நிற்க, அவள் கூம்புகளைத் தாண்டிப் போய் எதிர்ச்சுவர் பக்கம் நின்றுகொண்டாள்.

ஆய்வாளர் பக்கத்து இருக்கையில் ஏறினார். பேனாவைத் தேடிச் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஓரகத்தி கண்ணாடியைச் சரிசெய்தாள். கிளட்சை அழுத்தினாள். கற்றுக்கொடுத்தபடியே நன்றாக மிதித்தாள். உதடு அசைந்தது.

என்ஜின் வாலை மிதித்த புலிபோல் அலறியது. பெயர் பாதியில் நின்றது. திடுக்கிட்ட கால் கிளட்சிலிருந்து நழுவியது. வண்டி பாய்ந்தது. கூம்புகள் பறந்தன. பயத்தில் விறைத்த இன்னொரு கால் ஆக்சிலரேட்டரை விட்டு வரவில்லை. ஆய்வாளரின் கால் தன் பக்கத்து பிரேக்கைத் தேடி, தவறிக் காலடிப் பாயைத்தான் மிதித்தது.

பிரேக்கம்மாவுக்கு நேரம் இருந்தது. இடப்பக்கம் ஓர் அடி விலகியிருந்தால் போதும். வேலிக்குப் பின்னால் நின்ற எல்லாரும் அதைத்தான் பிறகு சொன்னார்கள். ஆனால் வண்டி எதிலாவது மோதப் போகிறது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுடைய வலது காலுக்குத் தெரியும். அது தெரிந்ததைச் செய்தது. தரையை ஓங்கி மிதித்துக்கொண்டு அப்படியே நின்றது. பல்லைக் கடித்து, இன்னும் அழுத்தி மிதித்தாள். புழுதியில் குதிகால் புதைந்தது. வண்டி நிற்கவில்லை.

அந்தக் காலைத்தான் சுவரோடு வைத்து நசுக்கியது.

மருத்துவமனையில் கணவர் கட்டிலுக்கு அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் காலில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பார்த்தபடி பேசினார்.

“ஒர்க்‌ஷாப்புக்குப் போன் பண்ணிச் சண்டை போட்டேன். வண்டி சீறும்னு உன்கிட்ட சொன்னாங்களாமே.”

அவள் போர்வையை இழுத்துக் கட்டுக்கு மேல் போட்டுக்கொண்டாள்.

“கையெழுத்தும் போட்டியாமே.”

“தண்ணி குடுங்க” என்றாள்.

அவர் எழுந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவளிடம் அதிகம் பேசவில்லை. திட்டியிருந்தால் அவள் வாய்க்கு வேலை கிடைத்திருக்கும். அதையும் கொடுக்கவில்லை.

கால் ஒட்டியது, ஆனால் முழங்காலுக்குக் கீழே அது யாருடையதோ ஆகிவிட்டது. விரலை ஆட்டு என்றால் ஆடாது. இடுப்பிலும் அடி விழுந்திருந்ததால், யாராவது பிடித்துத் தூக்காமல் கட்டிலைவிட்டு இறங்க முடியாது. கால்மாட்டுப் பலகை அதன்பின் மாற்றப்படவில்லை. ஓரகத்தி மறுபடி தேர்வுக்குப் போய்த் தேறினாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது கணவர். அவர் ஒரு தடவைகூட ஸ்கேலைத் தொடவில்லை. கொஞ்ச காலம் போனதும், காருக்கு மேலிருந்த பலகையில் போட்டோ மாறியது.

இப்போது காலையில் தெருவில் கார் கிளம்பும் சத்தம் மாடிக்குக் கேட்கும். தயக்கமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். வகுப்புகளுக்கு நடுவே ஓரகத்திதான் வந்து பார்த்துக்கொள்கிறாள். சோறு கொண்டுவந்து கொடுக்கிறாள், தலை வாருகிறாள். ஊரில் அவளைப் புகழாத வாய் இல்லை.

“இந்தா, கழிப்பறைக்குப் போகணும். சீக்கிரம் வா” என்று பிரேக்கம்மா கூப்பிடுவாள்.

ஓரகத்தி வாசற்படியில் வந்து நிற்பாள். உடனே உள்ளே வரமாட்டாள். ஒரு மூச்சு நேரம் அங்கேயே நிற்பாள். வண்டியை விட்டுப் போன அந்த மூச்சு இந்த அறைக்குள் வந்து குடியேறிவிட்டது. அவள் உதடு அசையும்.

“என்னடி முணுமுணுக்கற? அவசரம்னு சொல்றேன்ல.”

“இதோ வந்துட்டேன் அக்கா. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.”

பிரேக்கம்மா உதட்டை உற்றுப் பார்ப்பாள். பெற்றவள் வைத்த தன்னுடைய பெயர் சின்னப் பெயர். சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் ஆகாது. முன்னால் ஏதோ சேர்த்துக்கொள்கிறாள் என்பது மட்டும் தெரியும். அதற்குள் பெரும்பாலும் படுக்கை நனைந்திருக்கும்.