வள்ளிக்காக என் அம்மா கேட்ட பூ

என் மகள் வள்ளிக்கு மூச்சு வாங்கிய அந்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை. மாரியம்மனை நம்பி வாழும் உங்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாடு சுதந்திரம் பெற்று ஏழெட்டு வருஷம் இருக்கும். இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டம். ஆடி மாதம், மழை விடவே இல்லை. மூன்று வயது வள்ளிக்கு உடம்பெல்லாம் அம்மை. எங்கோ தேடிப்பிடித்து வாசலில் வேப்பிலை செருகியிருந்தோம். ஐந்தாம் நாள் அம்மை வாட ஆரம்பித்தது, காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. மூச்சு இழுக்கும்போது விலாவில் குழி விழுந்தது. கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை.

தோட்டத்து மருந்துக்கார ஐயா வாசலில் நின்றே பார்த்தார். "நெஞ்சுல சளி கட்டிருச்சு. ஒரு மணிக்குத் தேயிலை லொறி டவுனுக்குப் போகுது. அதுல ஏத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நாளைக்குன்னு இழுத்தா பிள்ளை தாங்காது" என்றார்.

என் வீட்டுக்காரர் மறித்துவிட்டார். "மாரியம்மா வீட்டுல எறங்கியிருக்கா. தலைக்குத் தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டுனா விடுவாளா? என் தங்கச்சிய அப்படித்தான் தூக்கிக்கிட்டுப் போனோம். பாதி வழியில போயிட்டா." அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. சொல்லும்போது அழுதார். எனக்கோ எந்தப் பக்கம் போனாலும் பிள்ளை போய்விடும் என்று தோன்றியது.

என் அம்மா அங்கம்மா அப்போது எங்களோடுதான் இருந்தார். சின்ன வயதிலேயே தாலியை இழந்து, கொழுந்து பறித்தே என்னை வளர்த்தவர். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் கோயில் வாசலில் ஒரு நிமிஷம் நிற்காமல் போகமாட்டார். கோயிலுக்குப் பூக் கட்டுவதும் அவர்தான். பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வள்ளி பிறந்த பிறகு அவருக்கு இரண்டே பேர்: அம்மன், வள்ளி.

"மாப்ள, நீங்க பயப்படுறது நியாயம்தான்" என்றார் அம்மா. "பூக்கேட்டுப் பார்ப்போம். அவ உத்தரவு குடுத்தா போறோம். இல்லேன்னா நான் வாயத் தொறக்கல."

உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. அம்மாதான் வாழையிலைத் துண்டில் பூவை வைத்துக் கட்டினார். பூசாரி சூடம் காட்டினார். "நீங்களே எடுங்க மாப்ள" என்றார் அம்மா. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். வெள்ளைச் செவ்வந்தி. அவர் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டு லொறியை நிறுத்த ஓடினார்.

மற்றப் பொட்டலம் படியில் உருண்டு கிடந்தது. ஓரமாகப் போடலாமென்று எடுத்தேன். கட்டு அவிழ்ந்தது. அதிலும் வெள்ளை.

அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி மடியில் சொருகிக்கொண்டார். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறு லொறியில" என்றார்.

லொறியில் போகப் போக எனக்கு ஒரே நினைப்பு. அம்மனையே ஏமாற்றிவிட்டோமே. வளைவுக்கு வளைவு குனிந்து பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். "மூணு நாள் போகணும். அப்பதான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர். பிள்ளையோடு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். அம்மா மழையில் கேட்டருகே நின்றார். அந்த மூன்று நாளும் ஒரே வேண்டுதல்தான்: "தாயே, எங்கம்மா செஞ்ச குத்தத்த என் தலையில போடு. பிள்ளைய விட்டுரு." வள்ளி இருமும்போதெல்லாம் தண்டனை வந்துவிட்டது என்று நினைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

நான்காம் நாள் காலை நெற்றி குளிர்ந்திருந்தது. செத்துவிட்டாள் என்றே பதறினேன். வள்ளி கண்ணைத் திறந்து, "அம்மாயி எங்க?" என்று பாட்டியைத் தேடினாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

தோட்டத்துக்குத் திரும்பி வள்ளிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, கோயிலில் லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் கூடியிருந்தது. அம்மா முன்னால் போய் நின்றார். "ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளைப் பூதான் வச்சேன்" என்றார்.

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவகிட்ட கேக்க வந்துட்டு, பதில நீயே எழுதிட்டியா அங்கம்மா?"

"பச்சப் பிள்ளை மூச்சுத் திணறுது. கொண்டு போகாதேன்னு சொல்றவளா நம்ம ஆத்தா?" என்றார் அம்மா. "சொல்லமாட்டான்னு எனக்குத் தெரியும். அதான் செவப்பு வைக்கல. குத்தம்னா அவ என்னைய கேக்கட்டும்."

என் வீட்டுக்காரர் எழுந்தார். சண்டைதான் என்று நினைத்தேன். அவர் வள்ளியைக் கொண்டுபோய் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அதுவரை நான் அம்மனைக் கும்பிட்டது பயத்தில். அன்றுதான் அவளை நம்பத் தொடங்கினேன். அம்மாவை அவள் ஒன்றும் கேட்கவில்லை. வள்ளிக்குப் பிறகு பிறந்த இரண்டு பேரப்பிள்ளைகளையும் அம்மா தூக்கி வளர்த்தார். போன தை மாதம், யாருக்கும் பாரமில்லாமல், கண்ணை மூடினார். மகன் இல்லாத அவருக்குக் கொள்ளிச்சட்டி தூக்கியவர் என் வீட்டுக்காரர்தான்.

இதைக் கேட்கிற தாய்மாரே, உங்கள் வீட்டிலும் பிள்ளைக்கு முடியாமல் போகலாம். அவள் பெயரைச் சொல்லிப் பிள்ளையைத் தூக்குங்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உத்தரவுக்குக் காத்திருக்காதீர்கள். நமக்கு முன்னால் அவள் லொறியில் ஏறி உட்கார்ந்திருப்பாள்.