மழை வருதா சார்?

தொண்ணூறுகளில் ஸ்ரீராம்புரத்தில் நான் சாப்பிட்டுவந்த சின்ன மெஸ்ஸில் ஓர் அக்கா சமைத்தார். அவருடைய வலக்கை முழங்கை வரை வெந்த தழும்பாய்ச் சுருங்கியிருக்கும். பூரி போட்டுக்கொண்டே இருப்பவர், திடீரென்று ஸ்டவ்வை அணைத்துவிட்டு, "மழ வருதா சார்?" என்பார். வருகிறது என்றால் சிரித்துக்கொண்டு மறுபடி பற்றவைப்பார். பெங்களூர் மழையால் எங்கள் பூரி அடிக்கடி தாமதமாகும்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

"எனக்கு வலிப்பு வர்றதுக்கு முன்னாடி மண்வாசன வரும் சார். மொத தபா நெஜ மழைன்னு நெனச்சிக்கினு அடுப்பாண்டயே நின்னுட்டேன். கை எண்ணெயில போயிடுச்சு."

"பயமா இல்லையாக்கா?"

"அடுப்புதான் சார் பயம். அந்த வாசன நம்ம ஊரு மழையவிட நல்லாருக்கும்."

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில் ஸ்டவ்வை அணைத்துவிட்டு அதையே கேட்டார். வெளியே எட்டிப் பார்த்து, "இல்லக்கா" என்றேன்.

அவசரமே இல்லாமல் அடுப்பை விட்டு விலகி, மூலையில் விரித்திருந்த கோணியில் ஒருக்களித்துப் படுத்தார். உடம்பு வெட்டி இழுக்கத் தொடங்குமுன், கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்தார். அந்த முகத்தைப் பார்த்தபின், காய்ந்து கிடந்த தெருவை இன்னொரு முறை எட்டிப் பார்த்தேன்.