அப்பா பேரில் ஒரு குழாய்

வீட்டு ஓனர் என்கிற தொழிலில் லீவு கிடையாது, பிரமோஷன் கிடையாது, ரிட்டயர்மென்ட்டும் கிடையாது. வேறு வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர்கள்தான் பெரும்பாலும் இதில் வந்து மாட்டுகிறோம்.

ஹைதராபாத் பாலாநகரில் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் இருந்தேன். சர்க்யூட் போர்டில் ஒரு புள்ளி ஈயம் கூடுதலாக இருந்தாலும் 'ரிஜெக்ட்' சீல் குத்தித் திருப்பி அனுப்புவேன். முசுடு என்று என் முதுகுக்குப் பின்னால் தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றிலும் சொல்வார்கள். இப்போது மௌலா அலியில் ஒரு மாடி வீட்டுக்கு முழுநேர ஓனர். கீழே நானும் என் மனைவி செண்பகமும். மாடியில் ஜமீல் பாய் குடும்பம். செகந்திராபாத்தில் பேக்கரி வைத்திருக்கிறார். தண்ணீர் பில்லும் கையுமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் சக ஓனர்களே, என் கதையைக் கேட்டால் உங்கள் கதை பரவாயில்லை என்று தோன்றும். அந்த ஆறுதலுக்காகவாவது படியுங்கள்.

ஒரு குழாய், இரண்டு பில்

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவர் யாதகிரி. கையில் ஒரு சின்ன மெஷின் வைத்திருப்பார், எண்ணைத் தட்டினால் பில் நாக்கை நீட்டிக்கொண்டு வெளியே வரும். ஒரு நாள் எனக்கு வழக்கமான பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, இன்னொன்றும் கிழித்துக் கொடுத்தார். அதே கதவு எண், அதே தெரு. பேர் மட்டும் 'சுடல முத்யாலு' என்று இருந்தது. நம்பர் வேறு. எங்கள் வீட்டுக்கு வருவது ஒரே ஒரு குழாய்.

யாரோ தெலுங்குக்காரர் பில் தவறி வந்துவிட்டது என்று நான் திருப்பிக் கொடுக்கப் போனேன். செண்பகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். என் அப்பா பேர் சுடலைமுத்து. அவர் காலமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, தென்காசியைத் தாண்டி மதுரைக்கே மூன்று தடவைதான் போயிருப்பார். அவள் பில்லிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏங்க, மாமா எப்ப ஹைதராபாத் வந்தாவ?"

இன்டிபேரு

குற்றவாளி நான்தான். அதை ஒப்புக்கொண்டு மேலே போகிறேன். சில மாதங்களுக்கு முன் தண்ணீர் ஆபீசில் எல்லா ஓனர்களும் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு பாரம் கொடுத்தார்கள். அதில் முதல் கட்டம், இன்டிபேரு. இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு இன்டிபேரு உண்டு. நேராகச் சொன்னால் வீட்டுப் பேர், பரம்பரையாக வருவது, சொந்தப் பேருக்கு முன்னால் நிற்பது. நமக்கு ஏது அது? நமக்கு இருப்பது ஒற்றை எழுத்து இனிஷியல். எஸ். கணபதி, தீர்ந்தது கதை. கட்டத்தைக் காலியாக விட்டேன்.

கவுன்ட்டரில் இருந்த மேடம் பாரத்தைத் திருப்பித் தள்ளினார். கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காதாம். எஸ் என்றால் என்ன என்று கேட்டார், அப்பா பேர் என்றேன், அதையே எழுதுங்கள் என்றார். எழுதினேன். டைப் அடித்த புண்ணியவான் முதல் கட்டத்தில் ஒரு ஆள், இரண்டாவது கட்டத்தில் ஒரு ஆள், ஆக வீட்டுக்கு இரண்டு ஓனர்கள் என்று எடுத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு நம்பரும் கொடுத்துவிட்டார். முத்து என்பதை, இங்கே ஆட்களுக்கு வைக்கிற பேராக 'முத்யாலு' என்று திருத்தியும் வைத்தார். அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இன்டிபேரே கிடையாது என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னபோது அது இல்லாமல் எப்படி என்று மேடம் நிஜமான கவலையோடு கேட்டார்: "இன்டிபேரு லேகுண்ட இல்லு எட்ல கட்டின்ரு சார்?"

ஓடிபி

ஆபீசுக்கு அலைய வேண்டாம், போனிலேயே புகார் கொடுக்கலாம் என்று என் மகள் ப்ரியா சொன்னாள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், கச்சிபவுலியில் வேலை. நான் தமிழில் கேட்டால் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து பதில் வரும், தாத்தாகூட அவளுக்குத் தாதையாதான். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது என் போனை வாங்கி, அப்பாவின் பில் நம்பரைத் தட்டி, 'இந்த இணைப்பு எங்களுடையதல்ல' என்று எழுதினாள். திரையில் 'இணைப்பின் உரிமையாளருக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது' என்று வந்தது. நாங்கள் என் போனைப் பார்த்தோம், செண்பகத்தின் போனைப் பார்த்தோம், ப்ரியா தன் போனையும் பார்த்தாள். ஒன்றிலும் வரவில்லை. நான் கத்த ஆரம்பித்தேன். அவள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்: "டாடி, ஓடிபி தாதையாக்கு போயிருக்கும். கொஞ்சம் வெயிட் செய்யி."

நேரில் வரவும்

மறுநாளே தண்ணீர் ஆபீசில் அதே மேடம் முன்னால் நின்றேன். இணைப்பை ரத்து செய்ய உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவர் காலமாகிவிட்டார் என்றேன். மேடம் உண்மையிலேயே வருத்தப்பட்டு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு, அப்படியானால் வாரிசு என்ற முறையில் இணைப்பை உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம், பாரம் இதோ என்று எடுத்து நீட்டினார். ஏற்கனவே என் பேரில் ஒன்று இருக்கிறதே அம்மா என்றேன். அப்போது இரண்டாகிவிடும், ஒரு வீட்டுக்கு இரண்டு கூடாது என்று அவரே சொல்லி, பாரத்தைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

அவர் இறந்தது இருபது வருஷத்துக்கு முன்னால், இணைப்பு கொடுத்தது போன தை மாதத்துக்குப் பிறகு, இது எப்படி நடக்கும் என்று கொஞ்சம் குரலை உயர்த்தினேன். இரண்டு கவுன்ட்டர் தள்ளி இருந்தவர்கூட எழுந்து பார்த்தார். மேடம் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். போன மாதம் முத்யாலு பயன்படுத்திய தண்ணீர் அளவு அதில் பச்சையாக மின்னியது. அவர் தெலுங்கில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: "அவரு போனது சரி சார், அப்ப இந்தத் தண்ணிய மாசாமாசம் யாரு குடிக்கிறாங்க?"

மூன்று பட்டன்

இல்லாத மீட்டருக்கு ரீடிங் எங்கிருந்து வந்தது? அடுத்த மாதம் யாதகிரி வந்தபோது கேட்டுக்குள் விட்டு, கேட்டைச் சாத்திவிட்டு விசாரித்தேன். மனுஷன் பயந்துபோய் மெஷினையே என் கையில் கொடுத்துவிட்டார். அதில் மூன்றே பட்டன். ரீடிங், மீட்டர் ரிப்பேர், டோர் லாக். 'மீட்டரே இல்லை' என்று சொல்ல நாலாவது பட்டன் கிடையாது. ரீடிங் போட்டால் பொய்யாகிவிடும், ரிப்பேர் என்றால் புது மீட்டர் மாட்ட ஆள் வந்துவிடும், அதனால் உங்கள் நல்லதுக்காக மாதாமாதம் டோர் லாக் போடுகிறேன் என்றார். கதவு பூட்டியிருந்தால் ஒரு உத்தேச அளவைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளுமாம்.

என் சர்வீசில் எத்தனையோ பேர் என்னிடம் சாக்குச் சொல்லியிருக்கிறார்கள், இவ்வளவு ஒழுங்கான சாக்கு கேட்டதில்லை. வெறும் டோர் லாக் என்று மட்டும் போடவில்லை, காரணம் எழுதும் இடத்தில் காரணமும் எழுதியிருக்கிறேன் என்று, என் அப்பாவை 'நானகாரு' ஆக்கிப் பெருமையோடு சொன்னார்: "மீ நானகாரு டோர் லாக் சேசி ஊரிகி போயின்ரு அனி ராசின சார், மரியாதகா!"

பட்டியல்

இதுவரை எனக்குக் கோபம்தான் இருந்தது. அப்பா பில்லில் ஒரு பைசாவும் கட்டுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். கட்டினால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்படி இருக்கும்போது ஒரு நாள் தண்ணீர் ஆபீஸ் வாசலில் வரிசையில் நிற்கிறேன், சுவரில் பாக்கிதாரர் பட்டியல் ஒட்டியிருந்தது. சும்மா மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தேன். பதினொன்றாவது பேர் அப்பா.

அப்பா பஸ் கண்டக்டர். சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுப்பார்கள் அல்லவா, அதை வாங்காமல் மறந்து இறங்கிப்போன ஆளை மறுநாள் அதே ஸ்டாப்பில் தேடிப் பிடித்துக் கொடுப்பவர். ஒரு ஆளுக்கும் ஒரு நாளும் பாக்கி வைக்காதவர். வீட்டைக் கட்டி முடி, வந்து ஒரு மாசம் இருக்கேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தளம் போட்ட மாதம் போய்விட்டார். அவர் தீர்க்காமல் போன ஒரே பாக்கி அதுதான். அந்த மனுஷனை, அவர் வந்தே பார்க்காத ஊரில், பாக்கிதாரர் என்று சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். கண்ணைத் துடைத்ததைப் பின்னால் நின்றவர் பார்த்துவிட்டார். யார் என்று கேட்டார், அப்பா என்றேன். அவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "பெரியவருக்கு எடுத்துச் சொல்லுங்க சார், வயசான காலத்துல எதுக்கு இந்தக் கெட்ட பேரு?"

வெட்ட வந்தவர்கள்

பட்டியலுக்குப் பிறகு ஆள் வந்தது. ஒரு காலை இரண்டு பேர் கடப்பாறையோடு நின்றார்கள். முத்யாலுவின் குழாயை வெட்ட வேண்டும். முத்யாலுவுக்குக் குழாய் இல்லையே என்றேன். அப்படியானால் இந்தக் கதவு எண்ணில் எந்தக் குழாய் இருக்கிறதோ அதை வெட்டுவோம் என்றார்கள். மாடியில் ஜமீல் பாய் மகளுக்கு அந்த வெள்ளிக்கிழமை நிக்காஹ். சொந்தக்காரர்கள் முப்பது பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் குழாயை வெட்டினால் நான் எந்த முகத்தோடு மாடிப்படி ஏறுவது?

ஜமீல் பாய் ஒரு தட்டு பிஸ்கட்டும் டீயுமாக இறங்கி வந்தார். நோட்டீஸை வாங்கிப் படித்தார். பேர் போட்டிருக்கிறவர் கையில்தானே இதைக் கொடுக்க வேண்டும், முத்யாலு சாப் ஊருக்குப் போயிருக்கிறார், உங்கள் ஆபீஸ் கணக்கிலேயே அப்படித்தான் இருக்கிறது என்றார். வந்தவர்கள் போனில் பார்த்தார்கள். யாதகிரி எழுதியது அப்படியே இருந்தது. பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வேர்த்து நின்றேன். ஓனருக்குக் குடித்தனக்காரர் பயம் வேண்டாம் என்று தைரியம் சொன்ன காட்சியை எங்கள் தெரு அன்றுதான் பார்த்தது: "நக்கோ அங்கிள், டென்ஷன் நக்கோ!"

தீர்ப்பு

கடைசியில் குறைதீர்க்கும் நாளன்று பெரிய அதிகாரியைப் பார்த்தேன். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அதன் தெலுங்கு மொழிபெயர்ப்பு, ஒற்றைக் குழாயின் போட்டோ நாலு பக்கத்திலிருந்தும், எல்லாம் கொண்டுபோனேன். நல்ல மனிதர். ஐந்தே நிமிஷத்தில் புரிந்துகொண்டு, 'ஒரு வீடு, ஒரு இணைப்பு. இறந்தவருடையதை நீக்கி, கட்டிய தொகையை மற்றதில் சேர்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

அடுத்த மாதம் ஒரே ஒரு பில் வந்தது. பேர், சுடல முத்யாலு. பாக்கி, பூஜ்யம். என் பேரைக் காணோம். ஓடினேன். மேடம் பைலை எடுத்துப் பொறுமையாக விளக்கினார். சான்றிதழில் இருப்பது சுடலைமுத்து, கம்ப்யூட்டரில் இருப்பது முத்யாலு, இரண்டும் பொருந்தவில்லை. சான்றிதழில் உள்ள பேர்களில் கம்ப்யூட்டரில் எழுத்துக்கு எழுத்து பொருந்தியது ஒன்றே ஒன்று, இறப்புத் தகவல் கொடுத்தவர் எஸ். கணபதி. ஆகவே அவரை நீக்கிவிட்டார்கள். நான் கட்டியதெல்லாம் அப்பா கணக்கில் சேர்ந்து, சுவரிலிருந்தும் அவர் பேர் போய்விட்டது. மேடம் பாவமாகச் சொன்னதையும் தமிழில் தருகிறேன்: "தப்புன்னா இன்னொரு பாரம் எழுதிக் கொடுங்க சார், உங்கள மறுபடி உயிரோட போட்டுடலாம்."

பாஸ்

எழுதிக் கொடுக்கவில்லை. முப்பது வருஷ சர்வீசில் செய்யாததை அன்று செய்தேன், தெரிந்தே ஒரு பிழையைப் பாஸ் பண்ணி விட்டேன். வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் சொன்னேன். அவள் பில்லை வாங்கி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். போன வாரம் யாதகிரி வந்து என் மீட்டரைப் பார்த்து, ரீடிங் பட்டனை அழுத்தி, அப்பாவின் பில்லைக் கிழித்து நீட்டினார். டோர் லாக் இல்லையே என்று அவருக்கே சந்தோஷம். வீட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நானகாரு ஊரி நுன்சி ஒச்சின்ரா சார்?"

ஆமாம் என்பதை இந்த ஊர்ப் பேச்சில் 'ஹவ்' என்றேன், ஆகவே சக ஓனர்களே, சொந்த வீடு கட்டி நான் கண்ட பலன் இதுதான்: தண்ணீர் ஆபீஸ் கணக்கில் காலமாகிவிட்ட நான், ஒருவழியாக ஊரிலிருந்து வந்து சேர்ந்துவிட்ட என் அப்பாவின் வீட்டில், வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறேன்.