செத்த பிறகு ஒரு சிரிப்பு

என்னைக் கொன்றுவிடுங்கள் என்று இயக்குநரிடம் நான் கேட்டது கோபத்தில் அல்ல. நன்றாக யோசித்து, லோத்குண்டாவில் இருக்கும் என் வீட்டிலிருந்து பஸ் மாறி மாறி ஊருக்கு வெளியே இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போய், நிதானமாகத்தான் கேட்டேன்.

அவர் எடுத்துக்கொண்டிருந்தது தெலுங்கில் ஒரு ராஜா காலத்துத் தொடர். எந்த நாடு, எந்த ராஜா என்றெல்லாம் கேட்கக் கூடாது. வானத்தில் இரண்டு நிலா இருக்கும், மலைக்குள் ஒரு ராட்சதப் பறவை தூங்கும். அதில் நான் கொலைகாரி. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் பிறந்த கீழ்க்குடிப் பெண். ராணி யாரைக் கைகாட்டுகிறாளோ அவரை விஷம் வைத்து முடித்துவிட்டு, சுவரோரமாகக் குந்திக்கொள்ள வேண்டும். எனக்குப் பெயர்கூட வைக்கவில்லை. ராணி 'ஏய்' என்பாள், நான் எழுந்து போவேன்.

எனக்குப் பிறவியிலேயே நல்ல கறுப்பு. அதைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். எடுத்த பிறகு அதுவும் போதவில்லை என்று தினமும் மேலே ஒரு பூச்சு வேறு. கீழ்சாதிக்கு இன்ன நிறம்தான் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

என் உடையில் செம்மண்ணைக் கரைத்து அடித்திருப்பார்கள். அதோடு உட்கார்ந்தால் நாற்காலியில் மண் ஒட்டும், பிறகு ராணியின் பட்டில் ஒட்டும். அதனால் எனக்கு நாற்காலி கிடையாது. கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் காட்டி, இங்கே உட்காருங்கள் மேடம் என்பார்கள். மரியாதையாகச் சொல்பவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? ராணியாக நடித்த பெண் தங்கமானவள். டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் இட்லி எனக்குத்தான். தன் நாற்காலியிலிருந்து கீழே குனிந்து நீட்டுவாள். நான் பெட்டியிலிருந்து கையை உயர்த்தி வாங்கிக்கொள்வேன்.

வெளியில் வந்தாலும் அந்தக் கொலைகாரி என்னை விடவில்லை. திருமுல்கேரியில் ஷேர் ஆட்டோவில் ஏறினால், பக்கத்தில் இருக்கும் அம்மா சிரித்துக்கொண்டே கொஞ்சம் தள்ளி உட்காருவாள். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தால், அடுத்து யாரை முடிக்கப்போகிறாய் என்று விசாரிப்பார்கள். முன்கூட்டியே கதை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பல்லைக் காட்டிவிட்டு வருவேன்.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு படம் வந்தது. பள்ளித் தலைமை ஆசிரியை வேடம். படம் முழுக்கக் கஞ்சி போட்ட காட்டன் புடவை, பெரிய மேஜை, அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்த என் தமிழை நாலு பேர் கேட்கப் பேசலாம். போனை வைத்துவிட்டு அழுதேன். ஆனால் தொடரில் என் பாத்திரம் உயிரோடு இருக்கும்வரை வேறெதிலும் நடிக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த மாதக் கடைசிவரை காத்திருப்பதாகப் படக்காரர் சொன்னார். அதனால்தான் சாவைக் கேட்டுப் போனேன்.

மகளுக்கு இது பிடிக்கவில்லை. நான் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்பவள் அவள். எங்கள் தெருவில் எல்லோரும் பேசுவது இந்திதான், இங்கே வளர்ந்த பிள்ளைகள் அப்படித்தான். 'ஏன்' என்ற சொல்லே அவள் வாயில் வராது, எல்லாவற்றுக்கும் 'கைக்கு'தான். காலேஜில் அவளுக்குப் பெருமையே கொலைகாரியின் மகள் என்பதுதான்.

இயக்குநர் சேனலில் பேசிச் சம்மதம் வாங்கினார். ராணியே எனக்கு விஷம் கொடுப்பாள் என்று முடிவாயிற்று. சபா மண்டபத்துப் படிக்கட்டின் கீழே விழுந்து செத்தேன். நன்றாகச் செத்ததாகக் கேமராமேன் பாராட்டினார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவர் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது. படுத்த இடத்திலேயே கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிப்பார்கள். கடைசியாகப் பதிவானது சாவாக இருந்தால் ஆகாதாம். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் திருஷ்டிப் பூசணிக்காயோடு ஓர் ஆள் காத்திருந்தார், மொத்த யூனிட்டும் என் முகத்தையே பார்த்தது.

"ஒக்கசாரி நவ்வண்டி மேடம்" என்றார் உதவி இயக்குநர். ஒரே ஒருமுறை சிரியுங்கள் என்று.

சம்பிரதாயத்துக்கு உதட்டை இழுத்திருந்தால் போதும். எனக்கோ உள்ளேயிருந்து பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. இனி இந்த மண் இல்லை, இந்தப் பெட்டி இல்லை என்று நினைத்தபடி கண்வரைக்கும் சிரித்தேன். அத்தனை காலத்தில் அந்த உடையில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. எல்லோரும் கைதட்டினார்கள், பூசணிக்காய் உடைந்தது.

என் சாவு ஒளிபரப்பான அன்று மகளும் நானும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். ராணி போனாள், சபை கலைந்தது, படிக்கட்டில் நான் மட்டும் கிடந்தேன். சட்டென்று பிணம் கண்ணைத் திறந்து, எங்களை நேராகப் பார்த்துச் சிரித்தது. தொடரும் என்று போட்டார்கள்.

மகள் துள்ளி எழுந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கைக்கு சிரிச்ச மம்மி?" என்று கேட்டாள். அவள் வாயில் தமிழ் வந்ததே அபூர்வம்.

இயக்குநருக்குப் போன் செய்தேன். எடிட்டர் அந்தச் சிரிப்பைப் போட்டுக் காட்டியதும் சேனல்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம். இப்படிச் சிரிக்கிறவளை எப்படிப் புதைப்பது என்று கேட்டார்களாம். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். கொலைகாரி உயிரோடு இருக்க, மாதம் முடிந்தது, தலைமை ஆசிரியை வேடம் வேறொருவருக்குப் போயிற்று.

அடுத்த பகுதி அதே சிரிப்பில் தொடங்க வேண்டும் என்றார்கள், இந்த முறை பக்கவாட்டிலிருந்து. மறுபடியும் பூச்சு, மறுபடியும் செம்மண், மறுபடியும் அதே படிக்கட்டு. ஒக்கசாரி நவ்வண்டி மேடம் என்றார்கள். சிரித்தேன். இது அது இல்லை என்றார்கள். திரும்பத் திரும்ப எடுத்தும் வரவில்லை. கடைசியில் இயக்குநரே வந்து, என் பக்கத்தில் தரையில் குந்தி, தெலுங்கில் கனிவாகக் கேட்டார், அன்றைக்கு மனதில் என்ன நினைத்துக்கொண்டு சிரித்தீர்கள் என்று.

"இனிமே இங்க வரவே வேண்டாம்னு நினைச்சேன் சார்" என்று தெலுங்கிலேயே சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. அதையே நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய், கேமராமேனிடம் ரெடி என்றார்.