டானிக் தர மறுத்த மருந்துக்கடை அக்கா

சாத்தூரில் எங்கள் பட்டாசுக் கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய வயது, குள்ளமான உருவம், வெளிறிய முகம். எந்தப் பாட்டிலை எடுத்தாலும் பின்பக்கத்துப் பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்த பிறகுதான் கொடுப்பார்.

என் மகளுக்குத் தலசீமியா, பிறவியிலேயே வரும் ரத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். பிள்ளை சோர்ந்து கிடக்கிறாளே என்று, கூட வேலை பார்ப்பவள் சொன்ன இரும்புச்சத்து டானிக்கைக் கேட்டேன்.

"யாருக்கும்மா?" என்றார். சொன்னதும் பாட்டிலை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டார்.

"இது வேண்டாம்மா. ஏத்துற ரத்தத்துலயே அம்புட்டு இரும்பு இருக்கு. மேல மேல சேந்தா நெஞ்சையும் ஈரலையும் கெடுத்துரும். டாக்டர் என்ன எழுதிருக்காக?"

சீட்டை நீட்டினேன். ஃபோலிக் ஆசிட், வைட்டமின் டி, சேர்ந்த இரும்பை வெளியேற்றும் மாத்திரை.

"இதை விடாமக் குடுங்க. வேற எதுன்னாலும், வைட்டமின் சி மாத்திரைன்னாலும், டாக்டரைக் கேக்காமக் குடுக்காதீக."

"இம்புட்டு வெவரம் எப்படிக்கா தெரியும்?"

"நானும் சின்னதுலருந்து ரத்தம் ஏத்துறவதான்" என்று சிரித்தார்.

இந்த நோயோடு அந்த வயதுக்கு வந்த ஒருவரை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் மகளை அங்கே கூட்டிப்போனேன். மருந்து வாங்க அல்ல, அவரைக் காட்டத்தான். கொஞ்ச நேரத்தில் இருவரும் கைகளை நீட்டி, யாருக்கு ஊசித் தழும்பு அதிகம் என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.