நெருக்கடி என்று ஒரு படம்

இன்று காலை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். கையில், இப்போது நாட்டில் நடக்கும் எமர்ஜென்சி பற்றி நான் வரைந்த படம், துணி சுற்றி.

நெருக்கியடித்து நிற்கும் முகங்கள். ஒன்றுக்கும் வாய் கிடையாது.

எதிரே நின்ற போலீஸ்காரர் கேட்டார். "இன்னாய்யா அது? பிரி."

பிரித்தேன். பின்பக்கம் எழுதியிருந்த தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தார். "நெருக்கடி."



படத்தையும், பெட்டிக்குள் பிதுங்கி நின்ற கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நம்ம ரயிலா? அப்படியே கீது."

"ஆமா சார்."

"வாயே காணோமே?"

"இன்னும் முடிக்கல சார்."

துணியை அவரே இழுத்து மூடினார். குனிந்து, மெதுவாகச் சொன்னார். "முடிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் காட்டாத."

அவருக்குப் புரிந்ததா, இல்லையா? பதில் போடுங்கள் நண்பர்களே.

யாரும் படித்துவிடக்கூடிய தபால் கார்டில் மட்டும் வேண்டாம்.